வீட்டு ஆபீஸ் அறையை விண்கல அறையாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வேலை பார்க்கும் அறையை விண்கலத்தின் உட்புறம் போல மாற்றியதிலிருந்து, நேரில் வருபவர்களும் வீடியோ காலில் பார்ப்பவர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். நண்பர்கள் சிலரின் அறைகளில் கூடமாட நின்று வேலை செய்தபோது இன்னும் சில கேள்விகள் சேர்ந்தன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிக்கும் அறை. வேலைக்கு இடைஞ்சல் தரும் அலங்காரம் எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

முதல்ல எதுல ஆரம்பிக்கணும்? பெயின்ட்டா, லைட்டா, ஃபர்னிச்சரா?

ஒரு தாளும் பேனாவும் எடுத்து ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த அறை எந்தக் கலத்தில், என்ன வேலைக்கான அறை? “வியாழனுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பழைய கப்பலின் தகவல்தொடர்பு அறை” என்று எழுதினால், தேய்ந்த உலோக நிறம், வெளியே தெரியும் குழாய்கள், மஞ்சள் எச்சரிக்கைப் பட்டைகள் எல்லாம் அந்த வரியிலிருந்தே வந்துவிடும். “நிலவு ஆய்வு நிலையத்தின் சோதனைக்கூடம்” என்றால் வெள்ளைப் பலகை, உருண்ட மூலை, சீரான வெளிச்சம். அந்த வரி இல்லாமல் கடைக்குப் போனால் நீல விளக்கு, ரோபோ பொம்மை, ராக்கெட் போஸ்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வருவோம். ஒன்று இன்னொன்றோடு சேராது.

வேலை வரிசை: வயரிங், சுவர்ப் பலகை, பெயின்ட், விளக்கு, கடைசியாக நுணுக்கங்கள். பலகை அடித்த பிறகு பிளக் பாயின்ட் இடம் மாற்றுவது பெரிய தலைவலி. மேசை எங்கே, ரௌட்டர் எங்கே, ஏசி எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

எங்க ரூம் பத்துக்குப் பத்துதான். போதுமா?

தாராளமாகப் போதும். நிஜ விண்கலங்கள் எல்லாமே நெருக்கடியானவை. பெரிய ஹாலை விடச் சின்ன அறையில்தான் கலத்துக்குள் உட்கார்ந்திருக்கும் உணர்வு சீக்கிரம் வரும்.

கவனிக்க வேண்டியது பலகையின் கனம். நான்கு சுவரிலும் நான்கு இஞ்ச் முன்னால் வந்தால் பத்தடி அறை ஒன்பதடி நான்கு இஞ்ச் ஆகிவிடும். நாற்காலியைத் தள்ளி எழவே இடம் இருக்காது. ஒரு சுவரை மட்டும் ஆழமாகச் செய்யுங்கள். மற்ற மூன்றிலும் பெயின்ட், ஸ்டிக்கர் கோடுகள், ஆறு மி.மீ. பலகை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு சுவர் எது? கண்ணுக்கு எதிர்ல இருக்கிறதா, பின்னாடியா?

பின்னாடி அல்லது பக்கவாட்டில். எதிர்ச் சுவரில் விளக்கும் பட்டனும் மினுக்கிக்கொண்டிருந்தால் திரையில் எழுத்தைப் படிக்க முடியாது. எதிரே அமைதியான, மங்கலான ஒரே நிறச் சுவர் இருக்கட்டும். ஆழமான பலகை வேலை முழுவதும் முதுகுக்குப் பின்னால் போகட்டும். கதவைத் திறந்து உள்ளே வருபவருக்கும் வீடியோ காலில் பார்ப்பவருக்கும் தெரிவது அந்தச் சுவர்தான். நீங்கள் நாற்காலியைத் திருப்பினால் உங்களுக்கும் தெரியும்.

எவ்வளவு செலவாகும்?

பொருள் விலை ஊருக்கு ஊர் மாறும். அதனால் எந்த வேலை எவ்வளவு பாரம் என்று மட்டும் சொல்கிறேன். பெயின்ட், ஸ்டிக்கர், எல்இடி ஸ்ட்ரிப், உள்ளே விளக்கு வைத்த ஒரு பேக்லிட் பெட்டி என்று நிறுத்திக்கொண்டால் நல்ல ஆபீஸ் நாற்காலி ஒன்றின் விலைக்குள் முடித்துவிடலாம். ஆழமான சுவர் வேண்டும் என்றால் பலகையை விட ஆசாரி கூலிதான் பில்லை ஏற்றும். ஃபால்ஸ் சீலிங்கும் சேர்ந்தால் அது முழு இன்டீரியர் வேலை.

கையில் பணம் குறைவாக இருந்தால் பொம்மைகளையும் விலை உயர்ந்த ரெப்ளிகாக்களையும் விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டேஜாக மாற்றும் பெட்டி), வயர், விளக்கு மூன்றிலும் மட்டும் மலிவைத் தேடாதீர்கள்.

கருப்பு பெயின்ட் அடிக்கணுமா? வீட்ல பெரியவங்க ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க.

அடிக்க வேண்டாம். பெரியவர்கள் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம், முடிவு சரிதான். முழுக் கருப்பு அறையில் எவ்வளவு விளக்கு போட்டாலும் வெளிச்சம் பற்றாது, கைரேகை ஒவ்வொன்றும் தெரியும், வெயில் படும் சுவர் இன்னும் சூடாகும்.

விண்வெளி நிலையங்களின் உட்புறம் பெரும்பாலும் வெளிர் நிறம். ரஷ்யாவின் மிர் நிலையத்தில் தரைக்கு அடர் நிறம், சுவருக்கு வெளிர் நிறம், கூரைக்கு வெள்ளை என்று கொடுத்திருந்தார்கள். எடையற்று மிதப்பவருக்கு எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. அதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: இடுப்பு உயரம் வரை அடர் சாம்பல், அதற்கு மேல் வெளிர் சாம்பல், கூரை வெள்ளை. தாழ்ந்த கூரையும் உயரமாகத் தெரியும், வீட்டில் சண்டையும் வராது. பெயின்ட் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். பளபளப்பான சுவரில் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு புள்ளியும் பிரதிபலிக்கும்.

வாடகை வீடு. ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார். எனக்கெல்லாம் ஆகாதா?

ஆகும். சுவரைத் தொடாமல் நிற்கும் பேனல்களைச் செய்யுங்கள். இரண்டடி அகலம், ஏழடி உயரத்தில் மரச்சட்டம், அதன் மேல் மெல்லிய பலகை. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி ஒன்றோடொன்று போல்ட் போட்டு, இரண்டு முனையையும் உள்பக்கமாக லேசாக மடக்கி வைத்தால் தானாக நிற்கும். அடியில் கொஞ்சம் எடை வைத்துவிட்டால் ஆடாது. வீடு மாறும்போது கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டடி அகலம் என்று சொன்னது மாடிப்படித் திருப்பத்தில் சிக்காமல் இறங்குவதற்காக.

ஒட்டும் வால்பேப்பர் மட்டும் வேண்டாம். சுண்ணாம்போ மலிவான டிஸ்டம்பரோ அடித்த சுவரில் ஒட்டி உரித்தால் பூச்சோடு சேர்ந்து வரும். அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

ப்ளைவுட், எம்டிஎஃப், மல்டிவுட்... எதை வாங்கறது?

வேலையைப் பார்த்து. எடை தாங்கும் சட்டத்துக்கும் மேசைக்கும் ப்ளைவுட். ஈரம் வரக்கூடிய சுவர் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ரகம். உலர்ந்த சுவருக்கு ஐஎஸ் 303 போதும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் நுணுக்கமாக வெட்ட அருமையானது, விளிம்பு வழவழப்பாக வரும், பெயின்ட் அழகாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். கடற்கரை ஊர்களின் காற்று ஈரத்துக்கே விளிம்பு பொரிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கமும் பிரைமர் அடிக்காமல் மாட்டாதீர்கள்.

மல்டிவுட் என்று கடையில் சொல்வது பிவிசி ஃபோம் பலகை. கரையான் தொடாது, தண்ணீர் ஒன்றும் செய்யாது, கத்தியாலேயே கீறி ஒடிக்கலாம். சுவர்ப் பலகையின் மேல் ஒட்டும் அலங்காரத் துண்டுகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். திருகு பிடிமானம் குறைவு என்பதால் கனமான எதையும் இதில் தொங்கவிடக் கூடாது. சூட்டில் இளகும் என்பதால் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சுற்றியும் இது வேண்டாம்.

சினிமா செட்டெல்லாம் தெர்மாகோல்லதானே பண்றாங்க? நாமளும் அதையே பண்ணலாமே?

செட் சில வாரத்தில் பிரிக்கப்படும்; அதுவரை ஆட்கள் காவல் இருப்பார்கள். நீங்கள் வருஷக்கணக்கில் குடியிருக்கும் அறை இது. தெர்மாகோல் சட்டென்று தீப்பிடித்து, உருகிச் சொட்டி, கரும்புகை கக்கும். மின்கம்பிகளும் விளக்குகளும் ஓடும் சுவரில் அதை வைக்கவே கூடாது.

ஆர்வத்தில் சின்னத் துண்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெயின்ட் பட்ட இடமெல்லாம் குழிகுழியாக உள்வாங்கும். வளைவான துண்டுகள் வேண்டுமென்றால் செருப்புக்குப் பயன்படுத்தும் ஈவா ஷீட் வாங்குங்கள். ஹீட் கன்னில் லேசாகக் காட்டினால் மேல்பரப்பு இறுகி மூடிக்கொள்ளும், வளைத்த வளைவில் நிற்கும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று கோட் பூசிக் காயவிட்டு, அதன் மேல் பெயின்ட். இதுவும் எரியும் பொருள்தான். அலங்காரத் துண்டுகளோடு நிறுத்துங்கள், விளக்குக்கும் வயருக்கும் தள்ளியே வையுங்கள்.

எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினா கொஞ்ச நாள்ல தொங்குது. வெளிச்சமும் புள்ளிப் புள்ளியா தெரியுது.

இரண்டுக்கும் ஒரே மருந்து: அலுமினியம் ப்ரொஃபைல். எலக்ட்ரிக்கல் கடையில் ப்ரொஃபைல் லைட் சேனல் என்று கேட்டால் பால்வெள்ளை மூடியோடு தருவார்கள். ஸ்ட்ரிப்பின் சூட்டை அலுமினியம் இழுத்துக்கொள்வதால் பசை விடாது, மூடி புள்ளிகளைக் கலைத்துவிடும். வாங்கும்போதே, பல்புகள் நெருக்கமாகச் சேர்ந்து ஒரே கோடாக ஒளிரும் சிஓபி ஸ்ட்ரிப்பாக வாங்கினால் புள்ளிப் பிரச்சினையே கிடையாது.

அதைவிட முக்கியம், ஸ்ட்ரிப் கண்ணுக்கே தெரியக் கூடாது. பலகையின் பின்விளிம்பில் ஒளித்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் காட்டுங்கள். கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஓரடி அகலப் பலகையை 45 டிகிரி சாய்த்து அடித்து, அதன் பின்னால் ஸ்ட்ரிப்பை ஓடவிட்டுப் பாருங்கள். அறையை அறையாகக் காட்டுவதே அந்த 90 டிகிரி மூலைகள்தான். அவை மறைந்ததும் கலத்துக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்பவர்களிடம் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

எத்தனை ஆம்ப்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்கணும்?

கணக்கு எளிது. மீட்டருக்கு 60 பல்பு உள்ள 5050 ரக ஸ்ட்ரிப் மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் இழுக்கும். ஐந்து மீட்டர் ரோலுக்கு 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்ப்ஸ். எஸ்எம்பிஎஸ்ஸை முழுத் திறனில் ஓட்டக் கூடாது என்பதால் குறைந்தது 20 சதவீதம் கூட்டுங்கள். 10 ஆம்ப்ஸ் வாங்கினால் நிம்மதி. ஐந்து மீட்டரின் கடைசியில் வெளிச்சம் மங்கினால் ஸ்ட்ரிப்பில் குறையில்லை, வழியில் வோல்ட்டேஜ் குறைகிறது. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுங்கள், அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு மாறுங்கள்.

ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812பி ரகம் வேறு கதை. அது 5 வோல்ட். முழு வெள்ளையில் ஒரு பல்பு 60 மில்லிஆம்ப் வரை இழுக்கும். 300 பல்புக்கு 18 ஆம்ப்ஸ்! மெல்லிய வயர் சூடாகிவிடும். கன்ட்ரோலரில் வெளிச்ச வரம்பு வைத்து, ஸ்ட்ரிப்பில் பல இடங்களில் மின்சாரம் கொடுக்க வேண்டும். எந்த எஸ்எம்பிஎஸ் ஆனாலும் காற்றோட்டமான, கை நீட்டித் தொடக்கூடிய இடத்தில் வையுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் இந்த வேலையோடு அதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

ஃபேனை என்ன பண்றது? விண்கலத்துல சீலிங் ஃபேன் நல்லாவா இருக்கும்?

நம் ஊர் வெயிலில் ஃபேனைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வராது. ஏசி இருந்தாலும் மின்வெட்டில் இன்வெர்ட்டர் இழுப்பது ஃபேனைத்தான். கூரை முழுவதும் ஃபால்ஸ் சீலிங் அடிக்காமல், சுவரை ஒட்டி ஓரங்களில் மட்டும் மேலே சொன்ன சாய்வுப் பலகையை ஓட்டி, நடுவைத் திறந்து விடுங்கள். ஃபேனுக்குக் கூரையின் நிறத்தையே அடித்துவிட்டால் கண் அதைத் தேடாது. இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வரக் கூடாது.

இன்னொன்று: இறக்கைக்கு மேலே எந்த விளக்கும் வேண்டாம். சுற்றும் இறக்கை ஒளியை வெட்டி வெட்டி அறை முழுவதும் துடிக்க வைக்கும். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

கன்ட்ரோல் பேனல், பட்டன், திரையெல்லாம் எங்க வாங்கறது? ஆன்லைன்ல தேடினா பொம்மைதான் வருது.

உங்கள் தெருமுனையில். இது நான் மிகவும் ஆசையாகப் பதில் சொல்லும் கேள்வி. பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடை, பேனல் எழுத்துகளையும் எச்சரிக்கைப் பட்டைகளையும் வினைலில் வெட்டித் தரும். பூஜை அறைக் கதவுக்கு ஜாலி வெட்டும் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மெஷின்) கடைக்காரர், அறுகோணத் துளைகள் போட்ட காற்றோட்டப் பலகையை அதே மெஷினில் வெட்டுவார். பெயர்ப்பலகை செய்பவரிடம் அக்ரிலிக் லேசர் கட்டிங் இருக்கும். ஃப்ளெக்ஸ் அடிப்பவரிடம் பேக்லிட் ஷீட் இருக்கும். விண்கலம் கட்டத் தேவையான கைகள் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

திரைகளுக்குப் பேக்லிட் பெட்டியே போதும். 1987இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடருக்குக் கட்டுப்பாட்டுத் திரைகளை வடிவமைத்த மைக்கேல் ஒக்குடா செய்ததும் அதைத்தான்: தட்டையான பலகையில் அச்சிட்ட வரைபடம், பின்னால் விளக்கு. நூற்றுக்கணக்கில் நிஜ பட்டன் பதிப்பதை விட அது மலிவு, பார்க்கவும் எதிர்காலமாகத் தெரிந்தது. மூன்று அல்லது நான்கு இஞ்ச் ஆழப் பெட்டி, உள்ளே வெள்ளை பெயின்ட், எல்இடி ஸ்ட்ரிப், மேலே மூன்று மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக், அதன் மேல் அச்சிட்ட ஷீட். ஆழம் குறைந்தால் விளக்குப் புள்ளி தெரியும்.

புடைப்பாகத் தெரியும் பாகங்களுக்குப் பழைய பொருள்கள்தான் சரி. 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் செட் அலங்காரத்துக்கு ராஜர் கிறிஸ்டியன் பழைய விமானங்களின் கழிவு பாகங்களை வாங்கிப் பிரித்துப் பதித்தார். சென்னைக்காரர்களுக்குப் பழைய வண்டி பாகங்களுக்குப் புதுப்பேட்டையும், எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெருவும் இருக்கின்றன. செத்துப்போன கம்ப்யூட்டரின் ஹீட்சிங்க், கீபோர்டின் பட்டன்கள், பிவிசி எல்போ, வாஷிங் மெஷின் டிரெயின் பைப், ஓட்டை விழுந்த எவர்சில்வர் வடிதட்டு எல்லாம் ஆகும். ஒட்டி முடித்ததும் மொத்தத்துக்கும் ஒரே நிறம் அடிக்க வேண்டும், அதில்தான் விஷயம். நிறம் ஒன்றானதும் எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு காய்ந்த பிரஷ்ஷில் துளி வெள்ளிப் பெயின்ட் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசினால் பல வருஷம் உழைத்த உலோகமாகத் தெரியும்.

ஆசாரிகிட்ட படம் காட்டினா “இதெல்லாம் எதுக்கு சார், டிவி யூனிட் போட்டுடலாம்”ங்கிறார். எப்படிப் புரிய வைக்கிறது?

படத்தைக் காட்டினால் யாருக்கும் அளவு தெரியாது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, முழு அளவில் மாதிரி செய்து சுவரில் ஒட்டி வையுங்கள். சாய்வு எத்தனை இஞ்ச், மூலை எந்த ஆரத்தில் உருளுகிறது, ஸ்ட்ரிப்புக்கு எங்கே இடைவெளி என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். மாதிரியைப் பார்த்ததும் நல்ல ஆசாரி உங்களை விட ஆர்வமாகிவிடுவார். சட்டத்தை எப்படிக் கொடுத்தால் உறுதியாக நிற்கும் என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். கடினமான வடிவங்களை சிஎன்சி கடையில் வெட்டி வந்து, பொருத்தும் வேலையை மட்டும் அவரிடம் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் தெரியிற மாதிரி பண்ணணும். எப்படி?

நிஜ ஜன்னலை நிரந்தரமாக மூடாதீர்கள். பகல் வெளிச்சமும் காற்றும் வேண்டும். மூலை உருண்ட சட்டம் ஒன்றை வெட்டி ஜன்னல் மேல் கீல் போட்டு மாட்டினால் கலத்தின் ஜன்னலாகிவிடும். திறக்கவும் முடியும்.

பொய் ஜன்னலுக்குப் பேக்லிட் பெட்டி அல்லது பழைய டிவி. நாசா வெளியிடும் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமைத் தடை இல்லை என்பதால் வீட்டுக்கு அச்சிட்டுக்கொள்ளலாம். நான்குக்கு இரண்டடி ஷீட்டுக்கு 4800-க்கு 2400 பிக்சல் இருந்தால் தூரத்திலிருந்து கூர்மையாகத் தெரியும். படத்தைச் சட்டத்தின் முகப்பில் ஒட்டாமல் மூன்று நான்கு இஞ்ச் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். நீங்கள் நகரும்போது சட்டத்தின் விளிம்பு படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் காட்டும்; கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். டிவி என்றால் வேகமாக ஓட்டிய வீடியோ வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையம் ஒருமுறை பூமியைச் சுற்றச் சுமார் 90 நிமிடம் ஆகிறது. அந்த நிதானத்தில் நகரும் காட்சி வேலையைக் கெடுக்காது.

எல்லாம் ஹாலிவுட் மாதிரியே இருக்கு. நம்ம ஊரு சயின்ஸ் ஃபிக்‌ஷனா பண்ண முடியாதா?

முடியும். அப்படிச் செய்பவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்பது என் ஆசை. காவலூர் மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேல் போகாமல் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம். “குலசேகரன்பட்டினம் ஏவுதளக் கட்டுப்பாட்டு அறை, 2090” என்று முதல் கேள்வியில் சொன்ன அந்த வரியை எழுதிப் பாருங்கள். பேக்லிட் திரையில் வரவேண்டிய வரைபடம் அப்போதே கிடைத்துவிட்டது: கடற்கரையில் ஒரு புள்ளி, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் ஒரு கோடு. சுஜாதாவின் ஜீனோவோடு வளர்ந்தவர்கள் அலமாரியில் ஒரு இயந்திர நாய்க்குட்டிக்கும் இடம் ஒதுக்கலாம்.

பேனல் எழுத்துகளைத் தமிழில் வையுங்கள்: உந்துவிசை, காற்றழுத்தம், சுற்றுப்பாதை, அபாயம். பெட்டி எண்களுக்கு ௧, ௨, ௩ போட்டால் பார்ப்பவர்கள் நின்று படிப்பார்கள். கடைக்குக் கொடுக்கும்போது எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் யூனிகோட் சரியாக வராமல் “கொ”வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விழுந்து, அப்படியே வெட்டியும் தந்துவிடுவார்கள்.

வீடியோ கால்ல முகம் நீலமா தெரியுது, பின்னாடி கோடு கோடா ஓடுது.

முகத்தில் படும் ஒளியையும் அலங்கார ஒளியையும் பிரியுங்கள். முகத்துக்கு 4000 கெல்வின் (நடுநிலை வெள்ளை) அளவில் ஒரு மேசை விளக்கு முன்பக்கமாக. நிற விளக்குகள் எல்லாம் பின்சுவரில், குறைந்த வெளிச்சத்தில். கோடுகள் ஓடினால் கேமரா அமைப்பில் ஃப்ளிக்கர் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். நம் மின்சாரம் 50. அப்படியும் ஓடினால் மலிவான டிம்மர் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது என்று பொருள். டிம்மரைத் தாண்டி நேராகக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாள் முழுக்க இந்த லைட்ல உட்கார்ந்தா கண்ணு போயிடாதா?

அலங்கார விளக்கில் மட்டும் உட்கார்ந்தால் கண் கட்டாயம் களைத்துப்போகும். மேசை மேல் சுமார் 500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டு ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளலாம். மானிட்டருக்குப் பின்னால் மங்கலான 6500 கெல்வின் (குளிர் வெள்ளை) ஸ்ட்ரிப் ஒன்று வைத்தால் திரைக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து கண்ணுக்கு இதமாக இருக்கும். இரவு வேலை என்றால் நீலத்தை அணைத்துவிட்டு அம்பருக்கு மாறுங்கள். இரவில் நீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

எல்லா லைட்டையும் ஒரே பட்டன்ல மாத்த முடியுமா?

முடியும். இஎஸ்பி32 என்ற சின்ன போர்டில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃபோனிலிருந்தே காட்சிகளை மாற்றலாம். இரண்டு காட்சி போதும்: வேலை நேரம், வேலை முடிந்த நேரம். முதலாவதில் எதுவும் அசையக் கூடாது. மேசை விளக்கை மட்டும் இதில் சேர்க்காமல் சாதாரண சுவிட்சில் விடுங்கள். வைஃபை போனாலும் அது எரிய வேண்டும்.

பக்கவாட்டுல தானா திறக்கிற கதவு வைக்கலாமா?

வேண்டாம். அறைக்கு ஒரே வழி என்றால் மின்சாரம் இல்லாமலும், வெளியிலிருந்தும், ஒரு குழந்தை தள்ளினாலும் அது திறக்க வேண்டும். 1966இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் தானியங்கிக் கதவுகளையே திரைக்குப் பின்னால் ஆட்கள் நின்று கையால் இழுத்தார்கள். இருக்கிற கதவின் மேல் மூன்று மி.மீ. மல்டிவுட் துண்டுகளை ஒட்டிப் பெயின்ட் அடியுங்கள். கீலுக்கும் பாரம் ஏறாது. சத்தம் வேண்டுமென்றால் கதவில் காந்த சென்சாரும் சின்ன ஸ்பீக்கரும் வைத்தால் கிடைத்துவிடும்.

பலகைக்குப் பின்னாடி ஓதம், பல்லி, கரப்பான்... இதையெல்லாம் யோசிச்சீங்களா?

யோசிக்காமல் பலகை அடிக்கவே கூடாது. ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று பாருங்கள். உப்புப் பூத்திருந்தாலோ பெயின்ட் குமிழியிட்டிருந்தாலோ முதலில் வெளிப்பக்கத்தில் ஓதத்தைச் சரிசெய்ய வேண்டும். மூடிவிட்டால் பூஞ்சணம் பிடித்து வாசனை அறையெங்கும் வரும். சுவருக்கும் பலகைக்கும் ஓர் இஞ்ச் இடைவெளி விட்டு, கீழும் மேலும் காற்றுத் துளைகள் வைத்து, அந்தத் துளைகளில் கொசுவலைக் கம்பி அடியுங்கள். பல்லி உள்ளே போகாது. ஜாலி கடையில் வெட்டிய அறுகோணப் பலகை இங்கே அலங்காரமும் ஆகிறது, காற்று வழியும் ஆகிறது.

தூசிக்கு: படுக்கையான விளிம்புகள் எல்லாவற்றையும் லேசாகச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட்டுக்கு மேல் ஒரு கோட் சாட்டின் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் ஈரத்துணியில் துடைக்க வரும். பதித்த சின்னப் பாகங்களுக்குப் பழைய பெயின்ட் பிரஷ் வசதி.

நாளைக்கு வீட்டை விக்கணும்னா, இல்ல எனக்கே சலிச்சுப்போனா?

அதற்காகத்தான் சுவரில் பசை போட்டு எதையும் ஒட்டாதீர்கள் என்கிறேன். சட்டம் மட்டும் சுவரில் திருகில் நிற்கட்டும். பேனல்கள் சட்டத்தில் திருகில் நிற்கட்டும். வாடகை வீட்டுக் கேள்வியில் சொன்ன இரண்டடி அகலத்தையே சொந்த வீட்டிலும் வைத்துக்கொண்டால் ஒரு பேனலைக் கழற்றி வேறு நிறம் அடித்து மாட்டிவிடலாம். சரக்குக் கப்பல் சலித்துப்போய் ஆய்வு நிலையம் ஆக்கிய நண்பர் ஒருவர் சட்டத்தையும் வயரிங்கையும் தொடவே இல்லை. பலகைகளை மட்டும் கழற்றிப் பெயின்ட் அடித்து, பேக்லிட் ஷீட்டுகளை மாற்றினார்.

பலகை மூடுவதற்கு முன் நான்கு சுவரையும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அந்தப் படங்களின் பிரிண்ட் ஒன்றை எஸ்எம்பிஎஸ் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் எலக்ட்ரீஷியனோ வீட்டை வாங்குபவரோ டிரில் எடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.